பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன் அவளிடம் சொல்லிவிடலாமா? (மனச்சோர்வு, பதற்றம்)

ஈசூன்_வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கே வேறு பெயரில் கிரிக்கெட் பகுதியில் எழுதிக்கொண்டிருப்பவன்தான். இந்த விஷயத்துக்காகப் புதுக் கணக்கு திறந்திருக்கிறேன், மன்னிக்கவும்.

வயது 29. எனக்கு மனச்சோர்வும் பதற்றமும் உண்டு. தேசிய சேவை முடிந்து பல்கலைக்கழகம் போன காலத்தில் ஆரம்பித்தது. பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கே கொடுத்த கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனை ஒன்றில் மனநல மருத்துவரைப் பார்த்து வருகிறேன். தினமும் காலையில் ஓர் எஸ்சிடலோபிராம் மாத்திரை. உளவியலாளரிடம் முன்பு ஒழுங்காகப் போனேன், இப்போது தேவைப்பட்டால் மட்டும். வேலைக்குப் போகிறேன், சம்பாதிக்கிறேன், சிரிக்கிறேன். வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

என் காதலி பாலர் பள்ளி ஆசிரியை. அடுத்த பிடிஓ (சிங்கப்பூரில் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்கும் அரசாங்க வீடு) வந்ததும் போட்டுவிடலாம் என்கிறாள். வீட்டிலும் பேசிவிட்டாள். என்னை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. "ரொம்ப அமைதியான பையன்" என்று அவள் அம்மா சொல்கிறாராம். அந்த அமைதிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்!

மாத்திரையை இயர்போன் டப்பாவுக்குள் வைத்திருப்பேன். நண்பர்கள் கூட்டமாகப் பினாங்கு போயிருந்தபோது குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுத்தான் மாத்திரை அட்டையைப் பிரித்தேன். அந்தச் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்ற பயம். கூட்ட நேர எம்ஆர்டி ரயிலில் சில நாள் மூச்சு முட்டிக்கொண்டு வரும். பீஷானில் இறங்கி, "ஆபீஸ் கால், நீ போ, நான் பின்னால வர்றேன்" என்று அவளை அனுப்பிவிட்டு நடைமேடையில் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு வேலையில் பொறுப்பு அதிகம் என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

சொல்ல வேண்டும் என்று தெரியும். எப்போது, எவ்வளவு, எப்படி என்பதுதான் தெரியவில்லை. சொன்னவர்கள், சொல்லக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். "பாசிட்டிவா இரு, யோகா செய்" என்பவர்களுக்கு முன்கூட்டியே நன்றி, தெரியும்.

---

தேக்கா_மல்லி

தம்பி, வீடு புக் பண்ணுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். தர்மம் நியாயம் எல்லாம் பிறகு பார்ப்போம், முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலறை வீடு தேர்ந்தெடுக்கும் நாளில் 2,000 வெள்ளி கட்டுகிறீர்கள். அதன் பிறகு மனம் மாறினால் அது போச்சு. குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு விலகினால் வீட்டு விலையில் ஐந்து விழுக்காடு போகும். நம் ஊரில் "கல்யாணம் பண்ணிக்கலாமா" என்று யாரும் கேட்பதில்லை, "பிடிஓ போடலாமா" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் அந்தக் கேள்விக்கு நீங்கள் சரி சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. வீடு கட்டி முடிய மூன்று நான்கு வருடமாவது ஆகும். அத்தனை நாளும் குழாயைத் திறந்துவிட்டு மாத்திரை போடப் போகிறீர்களா? தண்ணீர்க் கட்டணம் என்ன ஆவது!

---

நேர்பேச்சு

எல்லாரும் "சொல்லு சொல்லு" என்றுதான் எழுதப் போகிறீர்கள், அதனால் நான் மறுபக்கம் பேசுகிறேன்.

அவர் மருந்து சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், யாரையும் அடிக்கவில்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவன் காதலியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கம் கொடுக்கிறானா? சிங்கப்பூர் சின்ன ஊர், அதில் நம் ஆட்கள் இன்னும் சின்ன வட்டம். அவளிடம் சொன்னால் அவள் அக்காவுக்குப் போகும், அக்காவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து கோவிலுக்கு. என் உறவில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் வரை வந்த சம்பந்தம் இப்படித்தான் கலைந்தது. மாப்பிள்ளைக்கு ஆட்சேபனை இல்லை, அவருடைய பெரியம்மாவுக்குத்தான். "பைத்தியம் பரம்பரையில் வரும்" என்றார்களாம். இன்றுவரை அந்தப் பெண்ணின் தங்கைக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்வதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

---

இரவு_ஷிப்ட்

நான் தாதி. மனநலப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்திருக்கிறேன், இப்போது வேறு பிரிவு.

> ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவன் காதலியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கம் கொடுக்கிறானா?

கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதை விடுங்கள். இந்த மருந்துகளில் கூட வாழ்கிறவரைத் தொடுகிற விஷயம் நிறைய இருக்கிறது. எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃபுளுவாக்செட்டின் எல்லாம் ஒரே வகை. ஆரம்பித்தவுடன் வேலை செய்யாது, பல வாரம் ஆகும். முதல் சில நாளில் குமட்டல், தூக்கக் கோளாறு, சிலருக்குப் பதற்றம் கூடக் கொஞ்சம் அதிகமாகும். அப்புறம் யாரும் வாய் திறக்காத ஒன்று: தாம்பத்திய ஆசை குறையலாம், உச்சம் தாமதமாகலாம். ஆண் பெண் இருவருக்கும் வரும். அது மருந்தால் என்று தெரியாத மனைவி என்ன நினைப்பாள்? "என்னைப் பிடிக்கவில்லை" என்றுதான். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், வேறு மருந்து பார்க்கலாம். ஒளித்து வைத்தால் எதுவும் நடக்காது.

ஒளிப்பவர்கள் செய்கிற இன்னொரு காரியம், கல்யாண நேரத்தில் "இனி தேவையில்லை" என்று சட்டென நிறுத்திவிடுவது. தலைச்சுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோல் தலையில் ஒரு வெட்டு, எல்லாம் வரும். நோயும் திரும்பலாம். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கும் இதேதான், தானாக நிறுத்தக் கூடாது, முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.

தம்பி, இது அபூர்வமான நோயும் அல்ல. 2016இல் மனநலக் கழகம் நடத்திய நாடளாவிய ஆய்வில் ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு வந்திருந்தது. கடும் மனச்சோர்வு மட்டும் பதினாறு பேரில் ஒருவருக்கு. உங்கள் காதலியின் வீட்டிலேயே யாராவது இருக்கலாம், அவர்களும் இயர்போன் டப்பா வைத்திருக்கலாம்.

---

மூன்றாம்_மாடி

நான் மறுபக்கத்தில் இருப்பவள். என் கணவருக்கு மனச்சோர்வு. கல்யாணத்துக்கு முன் அவர் சொல்லவில்லை. திருமணப் பதிவு முடிந்து, வீடு வந்து, குடிபோன பிறகு மருத்துவமனையின் குறுஞ்செய்தி வந்தது. பழைய கைப்பேசியை எனக்குக் கொடுத்திருந்தார், அவருடைய எண் அதில் இன்னும் இணைந்திருந்தது. "உங்கள் சந்திப்பு செவ்வாய்க்கிழமை" என்று. துறையின் பெயரும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது நோய்மேல் இல்லை. அதற்கு முன் நடந்ததையெல்லாம் நான் எப்படிப் புரிந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தபோதுதான் வந்தது. சனிக்கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். எங்கள் அம்மா வந்துபோனதால் கோபம் என்று நினைத்து, அம்மாவை வர வேண்டாம் என்றே சொல்லியிருந்தேன். பாவம், அம்மா புளோக்குக்குக் கீழேயே சாம்பார் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவார். இத்தனையும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

அதனால் என் யோசனை இது. நோயின் பெயரைச் சொல்வது பெரிய விஷயமில்லை, பெயரைக் கேட்டு அவள் இணையத்தில் தேடி நடுராத்திரி வரை பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். உங்களுக்கு மோசமான நாள் வந்தால் வீட்டுக்குள் அது எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். குளிக்க மாட்டீர்களா? சாப்பிட மாட்டீர்களா? பேசினால் எரிந்து விழுவீர்களா? எத்தனை நாள் இருக்கும்? அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் உட்காரலாமா, தள்ளி இருக்கலாமா? இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நோயின் பெயர் எனக்கு எதற்கும் உதவவில்லை.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவர் ஒடுங்கிப்போய் உட்கார்ந்தால் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: "பேசணுமா, சும்மா இருக்கணுமா?" பெரும்பாலும் "சும்மா" என்பார். சரி என்று நான் துணி மடிப்பேன், தொலைக்காட்சி பார்ப்பேன். காரணம் நான் இல்லை என்று தெரிந்துவிட்டால் சும்மா இருப்பது கஷ்டமே இல்லை.

---

ஈசூன்_வாசி

மூன்றாம்_மாடி அக்கா, சாம்பார் டப்பாவைப் படித்ததும் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. நன்றி.

இரவு_ஷிப்ட், மருந்தின் அந்த விஷயம் எனக்கும் உண்டு. மருத்துவரிடம் இதுவரை கேட்டதில்லை, அடுத்த முறை கேட்கிறேன்.

சரி, சொல்வது என்று முடிவு. எங்கே, எப்படி ஆரம்பிப்பது? வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

---

கல்லாங்_காற்று

வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம் ப்ரோ. இரண்டு நீலக் கோடு விழுந்த பிறகு பதில் வரும்வரை உங்களுக்கு வருகிற பதற்றத்தை யார் பார்த்துக்கொள்வது?

நான் சொன்னது நடக்கும்போது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் மரப்பாதையில். நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டியதில்லை, இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு நடக்கலாம், நடுவில் பேச்சு நின்றாலும் சங்கடமாக இருக்காது. ஒரு குரங்கு வந்து அவள் கைப்பையைப் பார்த்ததும் பேச்சு கொஞ்சம் தடைப்பட்டது, அது வேறு கதை. காப்பிக்கடை, உணவங்காடி நிலையம் எல்லாம் வேண்டாம். பக்கத்து மேசையில் கண்டிப்பாகத் தெரிந்தவர் யாராவது இருப்பார். சண்டைக்குப் பிறகும் சொல்லாதீர்கள், சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும். உடம்பும் மனமும் ஓரளவு நன்றாக இருக்கிற ஒரு நாளில் சொல்லுங்கள்.

நான் ஆரம்பித்தது இப்படி: "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பயப்படற விஷயம் இல்ல, ஆனா நான் சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்கப் பேசாத. எனக்குக் கொஞ்ச வருஷமா மனச்சோர்வு இருக்கு, வைத்தியம் பாக்கறேன்." அதோடு நிறுத்திவிட்டேன். மீதியை அவளே கேட்டாள்.

---

நேர்பேச்சு

நடந்துகொண்டே சொல்வதில் ஒரு சிக்கல். அவள் அழுதால்? நடுக்காட்டில் நின்றுகொண்டு என்ன செய்வது? கடிதம் எழுதிக் கொடுக்கலாம் என்பேன். படித்துவிட்டு அவள் நேரம் எடுத்து யோசிக்கலாம்.

---

கல்லாங்_காற்று

அழுதால் அழட்டும். நீர்த்தேக்கத்தில் அழுவதற்குத் தடை இல்லை, மீன் பிடிக்கத்தான் சில இடத்தில் தடை. ஆனால் கடிதமும் மோசமில்லை, வாய் எழாதவர்களுக்கு நல்லது. கொடுத்துவிட்டு ஓடிப்போகாமல் பக்கத்திலேயே இருந்தால் சரி.

---

தேக்கா_மல்லி

நீங்கள் இருவரும் எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியிலேயே சொல்லுங்கள். மேடைப் பேச்சுத் தமிழில் ஆரம்பித்தால் புற்றுநோய் என்று நினைத்துவிடப் போகிறாள்.

---

பழைய_உட்பிரிட்ஜ்

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு.

எங்கள் காலத்தில் "உட்பிரிட்ஜ்" என்பது வசைச்சொல். பள்ளியில் ஒருவன் கொஞ்சம் தனியாக உட்கார்ந்தால் போதும், "டேய், உட்பிரிட்ஜ்ல சேத்துடுவாங்க" என்பார்கள். 1928இல் இயோ சூ காங்கில் கட்டிய மனநல ஆஸ்பத்திரி அது. 1993இல் புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகம் என்று பெயர் வைத்தும் வாய் மாறப் பல வருடம் ஆனது. என் மூத்த சகோதரியை விருந்தாளி வந்தால் பின்னறையில் இருத்துவார்கள். அவருக்கு இருந்தது மனச்சோர்வு என்று இன்று தெரிகிறது. அன்றைக்குக் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம் "படிப்பதற்கு ஊருக்குப் போயிருக்கிறாள்" என்றார்கள். அவர் பின்னறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி முதல் தேதி வரை இங்கே குற்றமாகவே இருந்தது என்பதை இளையவர்கள் மறந்திருப்பீர்கள். காவல்துறைக்குப் பயந்தே எத்தனையோ குடும்பம் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்தப் பயம் இல்லை. நேர்பேச்சு சொல்கிற பெரியம்மாக்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியம்மாக்களின் வயதுதான் எனக்கும்.

---

ஜூரோங்_நிலா

நல்ல முடிவுகள் மட்டுமே வருகிற மாதிரி இருக்கிறது, அதனால் என் கதை.

எனக்குப் பதற்றக் கோளாறு. திடீர்த் தாக்கம் வரும், நெஞ்சு அடைக்கும், கை மரத்துப்போகும், செத்துப்போகிறேன் என்று தோன்றும். முதல் முறை அவசரப் பிரிவுக்கே போய் இசிஜி எல்லாம் எடுத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். முன்பு பழகியவரிடம் இதைச் சொன்னேன். நன்றாகக் கேட்டார், தலையாட்டினார். அடுத்த வாரத்திலிருந்து வேலை அதிகம், நேரம் இல்லை. அப்புறம் ஆளே இல்லை.

அது வலித்தது, ஆனால் ஆறிவிட்டது. இப்போது இருப்பவர் வேறு வகை. சொன்னவுடன் கட்டிப்பிடித்துக்கொண்டார், நிறையப் படித்தார். பிரச்சினை அதற்குப் பிறகுதான். நான் எதற்குக் கோபப்பட்டாலும் "இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்பார். தாமதமாக வந்தது அவர், கழுவாத தட்டு அவருடையது, ஆனால் கேள்வி என் மாத்திரையைப் பற்றி! ஒருநாள் உட்காரவைத்துச் சொன்னேன்: "எனக்கு நோய் இருக்கறதால என் கோபம் எல்லாம் நோய் இல்ல. மாத்திரை என் பொறுப்பு. நீ தட்டக் கழுவு."

எனவே சொல்லும்போதே எல்லைகளையும் சொல்லிவிடுங்கள். எதில் உதவி வேண்டும், எதில் தலையிடக் கூடாது என்று. அவள் காதலி, உங்கள் மருத்துவர் இல்லை, காவலாளியும் இல்லை. குழந்தைகளோடு பழகுகிறவர் வேறு, உங்களையும் நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்து மாத்திரை போடவைக்கப் போகிறார், ஜாக்கிரதை.

---

நேர்பேச்சு

ஜூரோங்_நிலாவின் தட்டு வசனம் அருமை. நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

சரி, காதலிக்குச் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். மாமனார் மாமியாருக்கு? வேலையிடத்துக்கு? காப்புறுதிக்கு?

---

இரவு_ஷிப்ட்

மாமனார் மாமியாருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. யாரிடம் சொல்லலாம் என்பதை முடிவு செய்கிற உரிமை நோயாளிக்குத்தான். அதை அவளிடம் அப்போதே தெளிவாகச் சொல்லுங்கள், "இது நமக்குள்ள" என்று. ஆனால் அவளுக்கும் மனம் விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும், அதனால் யார் அந்த ஒருவர் என்று சேர்ந்தே முடிவு செய்யுங்கள். அக்காவா, நெருங்கிய தோழியா என்று. மருத்துவமனையைப் பொறுத்தவரை உங்கள் சம்மதம் இல்லாமல் காதலியிடமோ மனைவியிடமோ சாதாரணமாக எதையும் சொல்ல மாட்டோம்.

காப்புறுதி: மெடிஷீல்ட் லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் உண்டு, ஏற்கெனவே நோய் இருந்தாலும். தனியார் திட்டம் எடுக்கும்போது கேட்டால் மறைக்கக் கூடாது, பிறகு இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகும். அந்த நோய்க்கு மட்டும் இழப்பீடு கிடையாது என்று விதிவிலக்குப் போடுவார்கள், சில நேரம் திட்டமே தர மறுப்பார்கள். வீடு, குழந்தை என்று திட்டமிடுகிறவளுக்கு இதுவும் தெரிய வேண்டிய கணக்குதான். மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் வெளிநோயாளிச் செலவில் ஒரு பகுதிக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம், அதையும் சொல்லுங்கள், கையில் இருந்தே எல்லாம் போகிறது என்று நினைக்கப் போகிறாள்.

வேலையிடம்: மனநலத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்ப்பதைத் தடுக்கிற வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்காக எல்லா மேலாளரிடமும் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் தனியாக. ஈசூன்_வாசி எழுதவில்லை, ஆனால் இதைப் படிக்கிற சிலருக்கு இருக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்ததுண்டு என்றால் அதையும் துணையிடம் சொல்லுங்கள். எப்படி வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று. துணையாக இருப்பவர்களே, சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைக்காது. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, மனநலக் கழகம் 6389 2222, தேசிய மைண்ட்லைன் 1771. மூன்றும் 24 மணி நேரமும் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

---

மூன்றாம்_மாடி

அவளுக்கும் ஆள் வேண்டும் என்று சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன். எனக்கு ஒரு கட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்தே அன்றைய நாள் எப்படி என்று கணிக்கிற வேலையாகிவிட்டது. அவர் சிரித்தால் எனக்கு மூச்சு வரும். இது நல்லதில்லை. கேர்கிவர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு மனநலப் பிரச்சினை உள்ளவர்களின் குடும்பத்தாருக்கு இலவசமாகப் பன்னிரண்டு வாரப் பயிற்சி நடத்துகிறது. போனேன். நோயைப் பற்றிக் கற்றதைவிட, என்னைப் போல இன்னும் பத்துப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே புலம்பலைப் புலம்பியதுதான் எனக்கு மருந்து. தமிழில் மனம் விட்டுப் பேச வேண்டும் என்றால் பீட்டி ரோட்டில் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்பச் சேவை நிலையமும் இருக்கிறது.

---

ஈசூன்_வாசி

சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை, ஈசூன் அணைப் பக்கம். காரை நிறுத்திவிட்டுக் கற்சுவர்மேல் உட்கார்ந்தோம். கல்லாங்_காற்று சொன்ன வாக்கியத்தையே கிட்டத்தட்ட அப்படியே சொன்னேன், கைதட்டு உங்களுக்குத்தான். பெயரைச் சொல்லிவிட்டு உடனே மூன்றாம்_மாடி அக்கா எழுதியதைப் போல, மோசமான நாள் என்றால் எப்படி இருக்கும் என்று சொன்னேன். பீஷானில் இறங்குவது, ஆபீஸ் கால், எல்லாவற்றையும்.

அவள் முதலில் கேட்டது: "அப்போ அக்கா கல்யாணத்துல தாலி கட்டறதுக்கு முன்னாடி காணாமப் போனியே, அதுவும் இதானா?" ஆமாம் என்றேன். "நான் உனக்கு எங்க வீட்டு ஆளுங்களப் பிடிக்கலன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். பிறகு கோபம் வந்தது. நல்ல கோபம். பினாங்குக் குழாய் விஷயத்தைச் சொன்னதும் இன்னும் அதிகம். "என்னப் பத்தி அவ்வளவுதானா நெனச்ச?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இயர்போன் டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லி, மாத்திரையின் பெயரைப் படித்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். நான் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்வதற்காம். வேலையில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவள்.

பிடிஓ இந்தச் சுற்றில் போடவில்லை. அவள்தான் சொன்னாள், அடுத்த சுற்றுக்குப் பார்க்கலாம், எனக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று. கொஞ்சம் வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் பேசுகிறோம். முன்பைவிடக் கேள்விகள் அதிகம். நேற்று இரவு கேட்டது, பிள்ளைகளுக்கு வருமா என்று. எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன், மருத்துவரிடமே கேட்டுவிடலாம் என்றும் சொன்னேன். அடுத்த சந்திப்புக்கு நானும் வரலாமா என்கிறாள். கூட்டிக்கொண்டு போகலாமா? நேர்பேச்சு, அவள் அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொள்ளட்டும் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். அம்மாவுக்கு இப்போது வேண்டாம்.

---

இரவு_ஷிப்ட்

தாராளமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். பதிவு முகப்பிலேயே சொல்லிவிடுங்கள், மருத்துவர் முதலில் உங்களைத் தனியாகப் பார்த்துவிட்டுப் பிறகு அவளை உள்ளே அழைக்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உங்களிடம் பாக்கி இருக்கிறதே! இருவரும் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் பாதி மறந்துவிடும், நேரமும் குறைவு.

பிள்ளைகள் விஷயம்: பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், அது உண்மை. ஆனால் வந்தே தீரும் என்பது இல்லை. மரபணு ஒரு பகுதிதான், வாழ்க்கையில் நடப்பது, வளர்கிற சூழல் எல்லாம் சேர்ந்து வருவது. வந்தாலும் அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு அது என்னவென்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

---

தேக்கா_மல்லி

மாத்திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாளா? தம்பி, அந்தப் பெண் வீட்டுக்குத்தான் யோசிக்கிறாள், உங்களுக்கு இல்லை.

---

ஜூரோங்_நிலா

ஸ்டிக்கர் வந்துவிட்டதா?

---

ஈசூன்_வாசி

இன்னும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் காலை எட்டு மணிக்கு ஒரு நட்சத்திரம் வந்தது. என்ன சொல்லி நிறுத்துவது என்று பார்க்கிறேன்.

---

நேர்பேச்சு

நிறுத்தாதீர்கள், இரண்டு வாரம் விடுங்கள், தானாகவே மறந்துவிடுவாள். அம்மா விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.